கனமழையும் அடுக்குமாடியும்: எங்கே அவசரப்பட வேண்டும், எங்கே பொறுக்க வேண்டும்

100 மில்லிமீட்டர் மழை என்று செய்தியில் கேட்டால் நமக்கு ஒன்றும் தோன்றாது. அதையே உங்கள் கட்டடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். மொட்டை மாடி 500 சதுர மீட்டர் என்றால் அந்த மழையில் மாடியிலிருந்து மட்டும் 50,000 லிட்டர் இறங்குகிறது. இது போக முன்வாசல், சாலை, பக்கத்து மனை என்று சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் எங்கே பள்ளமோ அங்கே வந்து சேரும். பெரும்பாலான குடியிருப்புகளில் அந்தப் பள்ளம் பார்க்கிங்தான். மின்பலகை, மோட்டார், லிஃப்ட் குழி, தண்ணீர்த் தொட்டி, வண்டிகள் என்று விலை அதிகமான எல்லாவற்றையும் நாம் வைத்திருப்பதும் அங்கேதான்.

இன்னொன்று, நாள் முழுக்க எவ்வளவு பெய்தது என்பதைவிட ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொட்டியது என்பதுதான் முக்கியம். 100 மி.மீ. மழை இருபத்து நாலு மணி நேரமாகப் பெய்தால் சுமாரான வடிகால்கூடச் சமாளித்துவிடும். அதே அளவு இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் நல்ல வடிகாலும் திணறும்.

மழைச் சேதத்தில் மழை செய்வது ஒரு பங்கு, நாம் செய்வது ஒரு பங்கு. மழைக்கு முன்னால் சோம்பலாக இருந்துவிட்டு மழைக்குப் பின்னால் அவசரப்படுகிறோம். தண்ணீர் வடிந்ததும் காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பது, பேஸ்மென்ட்டை ஒரே மூச்சில் இறைப்பது, "சும்மா ஒரு தடவை" மெயினைப் போட்டுப் பார்ப்பது, நனைந்த சாமான்களைப் படம் எடுக்காமல் தூக்கிப் போடுவது, ஈரச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது. இவற்றில் ஒவ்வொன்றும் மழை விட்டுவைத்ததையும் கெடுத்துவிடும்.

மழைக்கு முன்

மாடியிலிருந்து ஆரம்பிப்போம். மழைநீர் இறங்கும் வாயை நின்றபடி எட்டிப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். உட்கார்ந்து ஜாலியை (வாயை மூடியிருக்கும் துளைத் தட்டை) கழற்றிப் பாருங்கள். மேலே காய்ந்த இலை படிந்து அட்டையாகியிருக்கும், அதற்குக் கீழே பறவை இறகு, துணிக்கு மாட்டும் கிளிப், எப்போதோ நடந்த பூச்சு வேலையில் சிந்திய சிமென்ட் கட்டி. கையை விட்டு எடுத்தால்தான் வரும். எடுத்த பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள், கீழே ஒருவரை நிறுத்தி அது எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வரவே இல்லையென்றால் குழாயின் நடுவில் அடைப்பு. கழிவுநீர் மேன்ஹோலுக்குள் சலசலவென்று கேட்டால் மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்துவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், பெரிய மழையில் தரைத்தளத்துக் குளியலறையில் சாக்கடை பொங்குவதற்கு இதுவே போதும். அதைப் பிரித்துவிடுவது ஒரு பிளம்பர் வேலை, ஆனால் மழை இல்லாத நாளில்தான் செய்ய முடியும்.

மாடியில் 10 செ.மீ. தண்ணீர் தேங்கினால் சதுர மீட்டருக்கு 100 கிலோ எடை ஏறுகிறது. அதனால் வழக்கமான வாய்க்கு மேலே, கைப்பிடிச் சுவரில், தரையிலிருந்து சில செ.மீ. உயரத்தில் இன்னொரு துளை விட்டு வெளியே ஒரு குழாயை நீட்டி வைப்பது நல்லது. கீழ் வாய் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் அந்த வழியாகக் கொட்டிவிடும். அது கொட்டுகிறது என்றாலே மேலே அடைப்பு என்று கீழே நிற்பவருக்கும் தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். தள்ளும் ஜன்னல்களின் கீழ்த் தடத்தில் வெளிப்பக்கமாகச் சிறு ஓட்டைகள் இருக்கும், உள்ளே விழும் சாரல் வெளியே போகத்தான் அவை. தூசி அடைத்துக்கொண்டால் தடம் நிரம்பி உள்ளே வழியும், ஒரு ஊசியோ பழைய பிரஷ்ஷோ போதும். ஏசி குழாய் போகும் துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், உள்பக்கம் சரிந்திருந்தால் மழை அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே கட்டிலுக்கு வந்துவிடும்.

நிலத்தடித் தொட்டியை மழைக்கு முன் நிரப்பி வையுங்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்பது ஒரு காரணம், இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. சுற்றியுள்ள மண் தண்ணீரில் ஊறும்போது உள்ளே காலியாக இருக்கும் தொட்டியை அந்தத் தண்ணீர் மேலே தள்ளும். காலிக் குடத்தைத் தண்ணீரில் அமுக்கினால் எழும்புகிறதே, அதே கதை. பிளாஸ்டிக் தொட்டி என்றால் மண்ணைப் பிளந்துகொண்டு வந்துவிடும், கான்கிரீட் தொட்டி என்றால் தரை விரிசல் விடலாம். தொட்டியின் மூடி தரையோடு தரையாக இருந்தால் சுற்றிலும் ஒரு சிறு வரப்பு கட்டி மூடியை உயர்த்துவது, ஒரு நாள் கொத்தனார் வேலையில் வருடக்கணக்கான தலைவலியைத் தீர்த்துவிடும்.

தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பற்றி ஒரு கேள்வி, அசோசியேஷன் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்: பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறியதும் பாதுகாப்புக்காக மெயினை அணைப்போம், அப்போது இறைக்கும் மோட்டாருக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? பல இடங்களில் இதற்குப் பதில் இருக்காது. ஒன்று, தண்ணீர் எட்டாத உயரத்தில் தனி இணைப்பு வேண்டும், இல்லையென்றால் டீசல் எஞ்சினில் ஓடும் பம்பு வேண்டும். இறைத்த தண்ணீரை வெளியேற்றும் குழாய் எங்கே போய் முடிகிறது என்பதையும் பாருங்கள். காம்பவுண்டுக்குள்ளேயே முடிந்தால் அது அப்படியே சரிவில் திரும்பி உள்ளே வந்துவிடும், மோட்டார் ராத்திரி முழுக்க ஓடும், தண்ணீர் மட்டும் குறையாது.

ஜெனரேட்டரைப் பேஸ்மென்ட்டில், படிக்கட்டில், பால்கனியில் ஓட்டவே கூடாது. வெளியே, ஜன்னல் கதவுகளிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, தூங்குபவர் எழுந்திருக்காமலே போய்விடுவார்.

கடைசியாக, கையில் போனை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கவும் பார்க்கிங் முழுக்கவும் நடந்து ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். பீரோவைத் திறந்து, ஃப்ரிட்ஜ் பின்னாலிருக்கும் வரிசை எண்ணைக் காட்டி, சுவர்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று எடுத்து வைத்தால், பிற்பாடு "இந்த விரிசல் ஏற்கெனவே இருந்ததுதானே" என்று யாரும் சொல்ல முடியாது.

தண்ணீர் ஏறும்போது

வண்டிகளை மேட்டுக்கு எடுத்துப் போவது எச்சரிக்கை வந்ததுமே செய்ய வேண்டிய வேலை. கேட்டருகே தண்ணீர் வந்த பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் சாய்தளத்தில் நின்றால் ஒரு வண்டி கூட வெளியே போகாது. ஊரில் இல்லாதவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சாய்தளத்தில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் கீழே இறங்கக் கூடாது, எந்தக் காருக்காகவும். 90 செ.மீ. அகலக் கதவின் மறுபக்கம் அரை மீட்டர் தண்ணீர் நின்றால் அது 110 கிலோ அளவுக்குத் தள்ளும், உள்ளே மாட்டிக்கொண்டவர் அந்தக் கதவைத் திறப்பது கஷ்டம். ஓடும் தண்ணீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும், 30 செ.மீ. சிறிய காரை நகர்த்தும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும்.

லிஃப்ட்டை மேல் தளத்துக்கு அனுப்பி, கதவைத் திறந்து உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, அணைத்துவிடுங்கள். குழியில் தண்ணீர் நிற்கும்போது யாராவது கீழ்த்தளப் பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் நேராகத் தண்ணீருக்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு தளத்திலும் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள், குழுவில் செய்தி போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

மின்சாரம். தண்ணீர் மின்பலகையை எட்டுவதற்கு முன்பே, காய்ந்த தரையில் நின்று, மெயினை அணைக்க வேண்டும். எட்டிவிட்டதா, தொடவே தொடாதீர்கள். மின்வாரியத்துக்குப் போன் செய்து வெளியிலிருந்து துண்டிக்கச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் நின்றபடி, குச்சியால் தட்டி, ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு என்று வீரம் காட்டுபவர் ஒருவர் எல்லாக் கட்டடத்திலும் இருப்பார். அவரைக் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போங்கள்.

மணல் மூட்டைகள் வைப்பதாக இருந்தால் மூட்டையை முழுக்க அடைக்காமல் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பினால்தான் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். கீழே ஒரு கெட்டியான பிளாஸ்டிக் தாள் விரித்து, செங்கல் அடுக்குவதுபோல் மேல் வரிசை கீழ் வரிசையின் இணைப்பை மறைக்கும்படி அடுக்கி, மிதித்துவிட வேண்டும். அப்படியும் கொஞ்சம் கசியும், அதைத் துடைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எத்தனை மூட்டை அடுக்கினாலும் தடுக்க முடியாத ஒரு வழி இருக்கிறது, அது கட்டடத்துக்குள்ளிருந்தே வருகிறது. தெருவில் போகும் கழிவுநீர்க் குழாய் நிரம்பிவிட்டால் நம் கட்டடத்திலிருந்து எதுவும் வெளியே போகாது, எதிர்த்தே திரும்பும். அப்போது கட்டடத்திலேயே தாழ்வான வாய் எதுவோ, அதாவது தரைத்தளத்துக் குளியலறை வடிகாலோ கழிப்பறையோ, அதன் வழியாகப் பொங்கும். முதல் அடையாளம் சத்தம்தான்: தண்ணீர் யாரும் விடாமலே கழிப்பறையில் குபுக் குபுக் என்று குமிழி வரும், கோப்பையில் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும். அதைக் கேட்ட நிமிடமே மேல் மாடிகள் அத்தனையும் தண்ணீர் விடுவதை நிறுத்த வேண்டும். ஐந்தாம் மாடிக்காரர் தன் வீடு காய்ந்திருக்கிறதே என்று நிம்மதியாகக் குளிக்கிறார், வாஷிங் மெஷின் போடுகிறார், அந்தத் தண்ணீர் தெருவுக்குப் போக வழியில்லாமல் தரைத்தளத்தில் இருக்கும் வயதானவர்கள் வீட்டுப் படுக்கையறையில் வந்து நிற்கிறது. இதைக் கோபத்தில் கத்திப் புரியவைப்பது கடினம், மழைக்கு முன்பே ஒரு தடவை எல்லோருக்கும் சொல்லி வைத்துவிடுங்கள். நிரந்தரத் தீர்வு, கட்டடக் குழாய் வெளியே போகும் இடத்தில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது தண்ணீரை வெளியே மட்டும் விட்டு உள்ளே திரும்ப விடாத அடைப்பான். அது இருந்தாலும் தெருக் குழாய் நிரம்பி வால்வு மூடிக்கொண்டிருக்கும்போது மேலே விடும் தண்ணீர் உள்ளேதான் தேங்கும், எனவே மேல் மாடி நிறுத்த வேண்டும் என்பது மாறாது. வால்வை அவ்வப்போது திறந்து சுத்தம் செய்யாவிட்டால் அதுவே ஒரு அடைப்பு.

வடிந்த பிறகு

முதலில் படம். துடைப்பம் அப்புறம். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெளிவாகத் தெரியும்போதே, அதன் பக்கத்தில் தரையிலிருந்து அளவு நாடாவை நிறுத்தி, எண் தெரியும்படி கிட்டத்தில் ஒரு படம், எந்த அறை என்று தெரியும்படி தள்ளி நின்று ஒரு படம். ஒவ்வொரு அறைக்கும் இப்படி இரண்டு. கெட்டுப்போன பொருட்களை வரிசை எண்ணோடு எடுங்கள். தூக்கிப் போடத்தான் வேண்டும் என்றால் (சாக்கடையில் ஊறிய மெத்தையை யாரும் ஒரு வாரம் வைத்திருக்க முடியாது) துணியில், தரைவிரிப்பில் ஒரு துண்டு வெட்டி கவரில் போட்டு வையுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அன்றைக்கே தகவல் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், சர்வேயர் வருவதற்குள் எதை அகற்றலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவசரமாகச் செய்த செலவுகளுக்கு, பம்பு வாடகை உட்பட, ரசீது வேண்டும்.

அடுத்து பேஸ்மென்ட். எல்லோருக்கும் கை துறுதுறுக்கும் இடம் இது, அதனால்தான் விளக்கமாகச் சொல்கிறேன். உள்ளே தண்ணீர் நிற்கும்போது வெளியே மண்ணும் ஊறிப்போய் நிற்கிறது, சுவரின் இரண்டு பக்கமும் அழுத்தம் ஏறக்குறைய சமம். உள்ளே இருப்பதை நீங்கள் மளமளவென்று இறைத்துவிட்டால் வெளி அழுத்தம் மட்டும் மிஞ்சும். அது எவ்வளவு என்று பாருங்கள்: ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 500 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். ஆழம் இரண்டு மீட்டர் ஆனால் அது இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு, அதாவது 2 டன். இதோடு ஈர மண்ணின் தள்ளுதலும் சேரும். கீழிருந்து தரையையும் தூக்கும். பெருமழையைத் தாங்கி நின்ற சுவர், இறைக்கும்போது விரிசல் விடுவது இப்படித்தான்.

ஆகவே வெளியே தேங்கிய தண்ணீர் வடியும் வரை உள்ளே இறைக்க ஆரம்பிக்க வேண்டாம். பிறகு முதலில் 30 செ.மீ. மட்டும் இறைத்து, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் வெளியிலிருந்து இன்னும் ஊறி வருகிறது, மேலும் இறைக்க இன்னும் நேரம் வரவில்லை, பொறுங்கள். ஏறவில்லை என்றால் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாக, 60 முதல் 90 செ.மீ. வரை இறைத்து, மறுபடியும் கோடு, மறுபடியும் ஒரு ராத்திரி. "ரெண்டு பெரிய மோட்டார் கொண்டுவந்தா சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். கார் ஏற்கெனவே நனைந்துவிட்டது, இன்னும் ஒரு நாள் நனைவதால் அதற்குப் புதிதாக ஒன்றும் பெரிதாக ஆகிவிடாது, சுவருக்கு ஆகும். கணுக்காலளவுத் தண்ணீருக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டாம், தாராளமாக இறைத்துவிடுங்கள்.

காரைப் பற்றி ஒரே வரி: சாவியைப் போடாதீர்கள். தண்ணீர் எஞ்சினுக்குள் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது காற்றுபோல் அது அமுங்கிக்கொடுக்காது, பிஸ்டனைத் தாங்கும் தண்டு (கனெக்டிங் ராட்) வளைந்துவிடும். நனைந்த எஞ்சினைச் சுத்தம் செய்வதும், உடைந்த எஞ்சினை மாற்றுவதும் ஒரே செலவல்ல. அதோடு பல பாலிசிகளில் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த எஞ்சின் சேதத்துக்குப் பணம் கிடையாது, அதற்கென்று தனியாகச் சேர்த்திருந்தால்தான். பேட்டரி இணைப்பைக் கழற்றி, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். மூழ்கிய மின்சார வண்டி என்றால் சார்ஜ் போடவே வேண்டாம், பேட்டரி சில நாட்கள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம், முக்கியமாக உப்புத் தண்ணீர் பட்டிருந்தால். கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டர் தள்ளித் திறந்தவெளியில் நிறுத்துங்கள்.

மின்பலகையில் தண்ணீர் புகுந்திருந்தால் வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டுவது வேலைக்காகாது. நனைந்த பிரேக்கர்களையும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவிகளையும் மாற்றித்தான் ஆக வேண்டும், வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே படிந்த சேறும் துருவும் அவசர நேரத்தில் அவற்றை வேலை செய்ய விடாது. வயர்களை எலக்ட்ரீஷியன் மெகர் (வயரின் உறையில் மின்கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துச் சோதித்துச் சொல்லட்டும். லிஃப்ட்டையும் அதைப் பராமரிப்பவர் வந்து பார்த்த பிறகுதான் ஓட்ட வேண்டும். மூன்று நாள் படியேறினால் கால் வலிக்கும், அவ்வளவுதான்.

நிலத்தடித் தொட்டிக்குள் வெள்ளம் போயிருந்தால் முழுக்க இறைத்து (சுற்றியுள்ள மண் கொஞ்சம் வடிந்த பிறகு, மேலே சொன்ன அதே காரணம்), சேற்றை எடுத்து, தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது, மூடியை நன்றாகத் திறந்து காற்றோடவிட்டு, மேலே ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். பிறகு தொட்டியை நிரப்பி, 1,000 லிட்டருக்குச் சுமார் 150 கிராம் பிளீச்சிங் பவுடர் (மூன்றில் ஒரு பங்கு குளோரின் உள்ள புதுச் சரக்கு) கரைத்து ஊற்றி, குழாய்களிலும் கொஞ்சம் ஓடவிட்டு, 24 மணி நேரம் விட்டுவிட்டு மொத்தத்தையும் வெளியேற்றுங்கள். அந்தத் தண்ணீர் குடிக்க அல்ல, குளிக்கவும் அல்ல. புதிதாக நிரப்பிய பிறகும் கொஞ்ச நாளைக்குத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்துக் குடியுங்கள். டீசலோ பெட்ரோலோ கலந்த வாடை இருந்தால் கொதிக்க வைப்பதால் அது போகாது, வேறு தண்ணீர்தான்.

வீட்டுக்குள் பூஞ்சைக்கு 24 முதல் 48 மணி நேரம் போதும். அதனால் உலர்த்துவதில் மட்டும் தாராளமாக அவசரப்படலாம். சாமான்களைச் சுவரைவிட்டு ஒரு கை அகலம் தள்ளி நிறுத்துங்கள், மர அலமாரியின் அடிப்பலகையைக் கழற்றுங்கள், வெளியே ஈரம் குறைவாக இருக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து ஃபேன் போடுங்கள். வெளியே தூறிக்கொண்டே இருந்தால் ஜன்னலை மூடி, ஈரம் உறிஞ்சும் கருவியோ ஏசியோ ஓட்டுவது மேல். ஏற்கெனவே பூஞ்சை படர்ந்துவிட்ட சுவர் முன்னால் ஃபேனைத் திருப்பி வைக்காதீர்கள், வீடு முழுக்கப் பரவிவிடும். டைல்ஸ் போன்ற கெட்டியான பரப்பைச் சோப்புத் தண்ணீரால் கழுவி அப்புறம் பிளீச் போடலாம், சாக்கடை ஊறிய மெத்தை, தலையணை, பஞ்சு சோபா இவற்றைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். பிளீச்சோடு கழிப்பறை ஆசிடையோ அமோனியா உள்ள திரவத்தையோ சேர்த்தால் விஷவாயு வரும், சேர்க்கவே கூடாது.

சுவர், விரிசல், மேல்வீட்டுக் கசிவு

மழை நின்ற இரண்டு மூன்று நாட்கள் காம்பவுண்டு சுவரை நம்ப வேண்டாம். பக்கத்து மனை மேடாக இருந்து அந்தப் பக்கம் மண் ஊறியிருந்தால், மழை விட்டு வெயில் அடிக்கும்போது கூடச் சுவர் சாயும். சுவர் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி வண்டிகளை நிறுத்துங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விளையாட விடாதீர்கள். சுவரின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளை யாராவது அழகுக்காகப் பூசி அடைத்திருந்தால் (நிறைய இடங்களில் அடைத்திருக்கிறார்கள்) அதைத் திறந்துவிடுவது மழைக் காலம் முடிந்ததும் முதல் வேலை. தரையில் பதித்த கற்கள் ஒரு இடத்தில் மட்டும் இறங்கியிருந்தால், மேலே மணல் போட்டுச் சமப்படுத்துவதற்கு முன் ஒரு கல்லைப் பெயர்த்துப் பாருங்கள். கீழே உடைந்த குழாய் மண்ணை அரித்துப் பொந்தாக்கியிருக்கலாம்.

விரிசல்களில் எது ஆபத்து என்று நாம் கண்ணால் முடிவு கட்டிவிட முடியாது, ஆனால் எதைக் காட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் சிறு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் அது ஓடிக்கொண்டிருக்கிறது. 5 மி.மீ.க்கு மேல் அகலம், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போவது, தூணிலோ உத்திரத்திலோ இருப்பது, திடீரென்று கதவு சட்டத்தில் இடிப்பது, இவற்றில் எது இருந்தாலும் கொத்தனாரைக் கூப்பிடாமல் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கொத்தனார் பூசி மறைத்துக் கொடுத்துவிடுவார், அதுதான் பிரச்சினை.

கூரையில் ஈரம் படர்ந்தால் உடனே மேல் வீட்டுக்காரரோடு சண்டை. கொஞ்சம் நிறுத்துங்கள். மழை பெய்யும்போது பெருகி, விட்ட சில நாளில் குறைகிறதா? அப்படியானால் வெளிச்சுவரோ மாடியோ ஜன்னலோதான் காரணம். மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லாமல் எப்போதும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் மேல் வீட்டுக் குழாய். குளியலறை என்று சந்தேகம் இருந்தால் அதன் வடிகாலை அடைத்து, தண்ணீரில் வண்ணம் கலந்து தேக்கிப் பாருங்கள், கீழே அந்த வண்ணம் இறங்கினால் பேச்சு முடிந்தது. ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்க வேண்டும் என்றும் இல்லை, ஸ்லாப் வழியாகச் சில மீட்டர் நகர்ந்து வந்து சொட்டலாம்.

பணத்தைப் பொறுத்தவரை மூன்று தனித்தனி விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். கட்டடமும் பொது இடங்களும் அசோசியேஷன் எடுத்த பாலிசியில் வரும், வீட்டுக்குள் இருக்கும் சாமான்கள் உங்கள் சொந்தப் பாலிசியில் (வாடகைக்கு இருப்பவர் தன் சாமான்களுக்குத் தானே எடுக்க வேண்டும், வீட்டுக்காரரின் பாலிசி அதைப் பார்க்காது), வண்டி அதனுடைய பாலிசியில். திடீரென்று புகுந்த வெள்ளத்துக்குப் பணம் கொடுக்கும் நிறுவனம், வருடக்கணக்காகக் கசிந்த ஓதத்துக்குக் கொடுக்காது. அதனால் பழைய கசிவைச் சரி செய்ததற்கான ரசீதுகளும் மழைக்கு முன் எடுத்த வீடியோவும் அந்த நேரத்தில் கை கொடுக்கும்.

பெயின்ட்டும் வாட்டர்ப்ரூஃபிங்கும்

சுவர் தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். செங்கல், கான்கிரீட் இரண்டும் 25 மி.மீ. கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்ற கணக்கில்தான் காயும். அதற்குள் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியே வரத் துடித்துக் குமிழ் குமிழாகப் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, அடுத்த வருடம் முழுக்க உரியும். சந்தேகம் இருந்தால் 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி கழித்துப் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் காத்திருங்கள். பண்டிகைக்கு முன் பெயின்ட் முடிய வேண்டும் என்பதெல்லாம் சுவருக்குத் தெரியாது.

மாடி வாட்டர்ப்ரூஃபிங்கை மழைக் காலத்தின் நடுவில் அவசரமாகப் போடச் சொல்லாதீர்கள், ஈரத் தரையில் எந்தப் பூச்சும் ஒழுங்காகப் பிடிக்காது. அதுவரைக்கும் சொட்டும் இடத்துக்கு மேலே தார்ப்பாய் விரித்துச் சமாளியுங்கள். நன்றாகக் காய்ந்த பருவத்தில், வடிகால் வாயை நோக்கித் தரையின் சரிவு சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, வேலையைக் கொடுங்கள். பூச்சு முடிந்து காய்ந்ததும் வடிகால் வாய்களை அடைத்து மாடியில் 2 அல்லது 3 செ.மீ. தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் தேக்கி, கீழ் வீடுகளின் கூரைகளைப் பார்க்க வேண்டும், மூலைகளையும் கைப்பிடிச் சுவர் சேரும் இடங்களையும் முக்கியமாக. இந்தச் சோதனை உண்டு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, கடைசித் தவணையை அது முடிந்த பிறகு கொடுங்கள், வாய்களைத் திறந்துவிட மறக்காமல்.